பெர்ல் நிரல்மொழியில் இரட்டைப் பதிவுகள்: கேள்வி பதில்

கேள்வி: உறுப்பினர் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது, வரிக்கு ஒருவர். இரண்டு முறை வந்தவர்களைப் பிடிப்பது எப்படி?

பதில்: ஒரு ஹாஷ் போதும், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பை வைக்கும் அட்டவணை. வரியையே சாவியாக வைத்து, பின்னால் இரண்டு கூட்டல் குறி போடுங்கள், மதிப்பில் ஒன்று கூடும். கூட்டுவதற்கு முந்தைய மதிப்புதான் கைக்கு வரும். முதல் தடவை பூஜ்யம், அதாவது பொய். அடுத்த தடவையிலிருந்து உண்மை. இஃப் நிபந்தனை ஒன்றுக்குள் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் எதையும் உடனே அழிக்காதீர்கள். இரட்டைகளை வரி எண்ணோடு தனி ஃபைலில் எழுதிக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: பெயரும் பிறந்த தேதியும் மட்டும் ஒத்துப்போனால் போதும்.

பதில்: வரியை ஸ்ப்ளிட் செய்து, அதாவது துண்டுகளாகப் பிரித்து, அந்த இரண்டையும் சேர்த்துச் சாவியாக்குங்கள், நடுவில் ஒரு டேப் வைத்து. வெறுமனே ஒட்டினால் 1, 23 என்பதும் 12, 3 என்பதும் ஒரே 123 ஆகிவிடும்.

கேள்வி: இதற்குப் போய் பெர்லா? இரட்டை வரிகளை நீக்க லினக்ஸில் யூனிக் கமாண்ட் இருக்கிறதே!

பதில்: அது அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும்.

கேள்வி: சார்ட் கமாண்டால் வரிசைப்படுத்திவிட்டு யூனிக் போடலாமே?

பதில்: போடலாம், மூல வரிசை போய்விடும். யார் முதலில் சேர்ந்தார் என்று அப்புறம் எப்படிச் சொல்வீர்கள்? ராமில் அடங்காத ஃபைல் என்றால் மட்டும் நானும் உங்கள் கட்சி. சார்ட் டிஸ்கில் தற்காலிக ஃபைல் வைத்துச் சமாளிக்கும்.

கேள்வி: வரி முடிவுக் குறியை வெட்டும் சாம்ப் போட்டும் இரட்டைகள் பிடிபடவில்லை.

பதில்: விண்டோஸில் சேமித்த ஃபைலா? வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும். லினக்ஸில் சாம்ப் அதைத் தொடாது.

கேள்வி: ‘பொன்னி’ என்று இரண்டு வரி, கண்ணுக்கு ஒன்றுதான். பெர்ல் வேறு என்கிறது.

பதில்: இப்படிக் கேளுங்கள்! ‘பொ’வின் உயிர்க்குறி யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் வேறு. ஃபைலை யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்து, யூனிகோட் நார்மலைஸ் மாட்யூலின் என்எஃப்சி (இரண்டையும் ஒரே வடிவமாக்கும் ஃபங்ஷன்) வழியாகச் சாவியை அனுப்புங்கள், பெர்ல் 5.8 முதல் கூடவே வருகிறது. ஆனால் ‘கௌரி’யில் ஔ குறிக்குப் பதில் கொம்பும் ள எழுத்தும் தட்டியிருந்தால் என்எஃப்சி கைவிரித்துவிடும். அதை நீங்களேதான் மாற்ற வேண்டும்.

கேள்வி: எனக்கும் சாம்ப் வேலை செய்யவில்லை.

பதில்: விண்டோஸ் ஃபைல். மேலே பாருங்கள்.

கேள்வி: பைத்தானில் எப்படி?

பதில்: பைத்தான்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: அதே ஃபைலில் திருப்பி எழுதப் போனேன், காலியாகிவிட்டது.

பதில்: எழுதுவதற்காகத் திறந்த நொடியே காலியாகும். பிரதியிலிருந்து எடுங்கள், வெளியீட்டுக்கு வேறு பெயர் வையுங்கள்.