வைட்பேண்ட் மீட்டர் சொல்வதை எப்போது நம்பலாம்? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து, எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று காட்டுவது வைட்பேண்ட் மீட்டர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர் அல்லது பகுதி.

அஸ்தம்பட்டி: அண்ணா, கம்பெனி ஆக்சிஜன் சென்சார் வயரிலேயே மீட்டர் கொடுத்துட்டா போதாதுங்களா?

நேரோபேண்ட் சென்சாரா இருந்தா போதாது தம்பி. அது 0.45 வோல்ட்டுக்கு மேலயா கீழயா, அதாவது ரிச்சா (பெட்ரோல் அதிகம்) லீனா (காற்று அதிகம்) என்று மட்டும்தான் சொல்லும். ஃபுல் ஆக்சிலரேட்டரில் லேம்ப்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றின் அளவு; 1-க்குக் கீழே ரிச், மேலே லீன்) 0.80-ஆ 0.88-ஆ என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. சென்சார் சூடு மாறினாலே வோல்ட்டும் மாறிவிடும். பாஷ் எல்எஸ்யூ 4.9 மாதிரி வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

சூரமங்கலம்: இப்ப பங்க்ல ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தானே வருது. மீட்டர் இன்னும் 14.7-ன்னே காட்டுதே?

சென்சாருக்குப் பெட்ரோல், எத்தனால் வித்தியாசம் தெரியாது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வைத்து லேம்ப்டா கண்டுபிடிக்கிறது, அதை 14.7-ஆல் (சுத்தப் பெட்ரோலுக்கான காற்று-பெட்ரோல் எடை விகிதம்) பெருக்கிக் காட்டுவது மீட்டர். ஈ20-க்கு உண்மையான விகிதம் சுமார் 13.5. ஆனாலும் மீட்டரில் 14.7 வந்தால் லேம்ப்டா 1 தான், பயமில்லை. தலைவலியே வேண்டாமென்றால் மீட்டரை லேம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள். ஃபுல் லோடில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 0.85 முதல் 0.88, டர்போவுக்கு 0.78 முதல் 0.82 என்று ஆரம்பிக்கலாம்.

ஓமலூர்: டர்போ வண்டிங்க. பங் (சென்சாரை மாட்டும் மரை வளையம்) எங்கே வெல்டு வைக்கணும்?

டர்போவுக்கு முன்னால் வைக்கவே கூடாது. அங்கே அழுத்தமும் சூடும் அதிகம். அழுத்தம் கூடினால் ரிச் இன்னும் ரிச்சாக, லீன் இன்னும் லீனாகத் தெரியும். டர்போ தாண்டி 60 முதல் 90 செ.மீ. தூரத்தில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி) முன்னால் வையுங்கள். எம்18, 1.5 பிட்ச் மரை. சென்சாரின் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், படுக்கை மட்டத்துக்கு 10 டிகிரியாவது மேலே சாய்ந்து. இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் தேங்கிய தண்ணீர் பட்டு உள்ளே பீங்கான் வெடிக்கும். வெல்டிங் நடக்கும்போது சென்சாரை மாட்டி வைக்காதீர்கள். பழைய பிளக் போல்ட்டைப் போடுங்கள்.

செவ்வாப்பேட்டை: பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டதிலிருந்து ஐடிலில் 1.15 லீன். பெட்ரோல் ஏத்தினாலும் இறங்க மாட்டேங்குது, ஸ்பார்க் பிளக் கருப்பா இருக்கு.

பிளக்கைத்தான் நம்புங்கள், கருப்பு என்றால் ரிச். ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) அதிகமானால் எரியாத காற்று அப்படியே எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். மிஸ்ஃபயரும் அப்படித்தான்: பெட்ரோல் எரியவில்லை என்றால் அதற்கான ஆக்சிஜனும் எரியாமல் வெளியே வருகிறது, சென்சார் லீன் என்கிறது. அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் மிஸ்ஃபயர் கூடும், மீட்டரும் கூடுதல் லீன் காட்டும். ஐடிலில் மீட்டரை மறந்து, எஞ்சின் நிதானமாக ஓடும் இடத்தை மேனிஃபோல்டு வேக்யூம் (எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் உறிஞ்சல்) பார்த்துப் பிடியுங்கள்.

முதலில் லீக்கையும் பாருங்கள். ஹெடர் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்) கேஸ்கட்டில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் அழுத்த அலைகளுக்கு இடையில் வெளிக்காற்றை உறிஞ்சும். லோடு குறைவான போது பொய் லீன் அதிகம் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் வாயில் வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். நுரை வரும் இடம்தான் லீக்.

அம்மாபேட்டை: மீட்டரில் 12.5, லேப்டாப்பில் 12.7. எது சரி?

மீட்டர். மீட்டர் அனுப்பும் வோல்ட்டை வைத்துத்தான் லேப்டாப் காட்டுகிறது, இது பெரும்பாலும் எர்த் கோளாறு. ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் மீட்டரில் 0.5 வோல்ட் என்றால் காற்று-பெட்ரோல் விகிதம் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. அப்படியென்றால் எர்த்தில் 0.1 வோல்ட் பிசகினால் 0.24 பிசகும். மீட்டரின் சிக்னல் எர்த்தை இசியுவின் (எஞ்சின் கம்ப்யூட்டர்) சென்சார் எர்த்தில் சேருங்கள். ஹீட்டர் எர்த்தைத் தனியாகக் கொண்டுபோய் எஞ்சின் பிளாக்கில் கட்டுங்கள், டாஷ்போர்டு ஸ்க்ரூவில் வேண்டாம்.

ஏற்காடு அடிவாரம்: கார்புரேட்டர் மாருதி 800. மேலே போனா இழுவையே இல்லைங்க.

சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். காற்று அடர்த்தி குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை 5 முதல் 7 சதவீதம் ரிச்சாகும்: கீழே 0.88 என்றால் மேலே 0.82, 0.83. ஆனால் இழுவை போவதற்குப் பெரும்பங்கு காற்றே குறைவதுதான். ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மாற்றி அதை மீட்க முடியாது. மேலேயே லீனாக ஜெட் வைத்துவிட்டு இறங்கினால் சமவெளியில் எஞ்சின் நாக் ஆகும் (கலவை தானாக வெடித்துத் தட்டும்). கொண்டை ஊசி வளைவில் மீட்டரைப் பார்க்காதீர்கள், லாக் பதிவு போட்டுவிட்டு வந்து பாருங்கள்.

கொண்டலாம்பட்டி: வெளிக்காற்றில் காலிபரேஷன் அவசியமா?

பழைய எல்எஸ்யூ 4.2-க்கு ஆம், சென்சாரைக் கழற்றி, ஷெட் புகை இல்லாத இடத்தில். 4.9-க்குப் பெரும்பாலும் வேண்டாம், அளவைச் சரிசெய்யும் ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது, அந்தக் கனெக்டரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.