பகல் தூக்கம்: கைக்குழந்தை வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாலு மாசப் பொண்ணு. எப்போ படுக்க வெச்சாலும் கரெக்டா 40 நிமிஷத்துல முழிச்சிடறா. பசியா, வயித்து வலியா?

பதில்: பெரும்பாலும் ரெண்டும் இல்லை. இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்றே 40, 50 நிமிடம்தான். சுற்று முடியும்போது எல்லாருக்கும் லேசாக விழிப்புத் தட்டும். நாம் புரண்டு படுத்துவிடுவோம். குழந்தைக்கு அது இன்னும் கைவரவில்லை. பகலில் தானாக அடுத்த சுற்றுக்குப் போவது பல குழந்தைகளுக்கு 5, 6 மாதத்துக்கு மேல்தான் வரும்.

அதுவரை கடிகாரத்தைப் பாருங்கள். முழித்ததிலிருந்து மறுபடி தூங்கும்வரை உள்ள இடைவெளி முதல் ஒன்றரை மாதம் முக்கால் மணி முதல் ஒரு மணி. 2, 3 மாதத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி. உங்கள் பெண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி. பால் குடிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் பல வீடுகளில் அரை மணி தாமதமாகிறது. கிலுகிலுப்பையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கோ வெறிப்பது, புருவம் லேசாகச் சிவப்பது, காதைப் பிடித்து இழுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலே அறைக்குப் போய்விடுங்கள். சிணுங்கல் அழுகையாக மாறிவிட்டால் நேரம் தப்பிவிட்டது. அப்புறம் தூங்க வைப்பதும் கஷ்டம், தூங்கினாலும் சீக்கிரம் முழிக்கும்.

35 நிமிடம் ஆனதும் பக்கத்தில் போய் உட்காருங்கள். அசையும்போதே உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தூக்காமல், மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். பத்து நிமிடம் பார்த்தும் கண் திறந்தே இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தத் தூக்கம் அவ்வளவுதான்.

கேள்வி: அஞ்சு வாரக் குழந்தை. தோள்ல நல்லா தூங்கறான், பாயில போட்ட உடனே கையை விரிச்சுத் திடுக்கிட்டு எழுந்திடறான்.

பதில்: சீக்கிரம் கீழே போடுகிறீர்கள். இந்த வயதுக் குழந்தை தூங்கியதும் முதல் பதினைந்து, இருபது நிமிடம் மேலோட்டமான தூக்கத்தில்தான் இருக்கும்: இமைக்குள் கண் உருளும், உதடு சிரிக்கும், மூச்சு ஒரே சீராக இருக்காது. கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள். துணி மாதிரி தொய்ந்து விழுந்தால் மட்டும் படுக்க வையுங்கள். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. தலை முதலில் இறங்கினால் விழுகிற உணர்வு வந்துதான் அந்தத் திடுக்கிடல். படுக்க வைத்ததும் கையை எடுக்காமல் ஒரு நிமிடம் நெஞ்சிலேயே வைத்திருங்கள். மல்லாக்கத்தான் படுக்க வேண்டும்; கெட்டியான, சமமான விரிப்பு; தலையணை, கடுகுத் தலையணை எதுவும் வேண்டாம்.

கேள்வி: தூளியில போட்டா ரெண்டு மணி நேரம் தூங்குது. டாக்டர் வேண்டாம்கறாங்க. என்ன செய்ய?

பதில்: டாக்டர் சொல்வதில் காரணம் இருக்கிறது. புடவைத் தூளியில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் போய் முட்டும். கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலையை நிமிர்த்தத் தெரியாது, மூச்சு தடைபடலாம். பக்கத்துத் துணி முகத்தில் மூடிக்கொள்ளவும் கூடும். ஆட்டித் தூங்க வைக்கலாம், ஆள் அங்கேயே இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை. தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். சமைக்கப் போகும்போது தூளியில் விட்டுப் போகக் கூடாது. பழக்கத்தை விடுவிக்க, நாலு நாளைக்கு ஒருமுறை ஆட்டத்தைக் குறையுங்கள்: முதலில் மெதுவாக, அப்புறம் கண் செருகியதும் நிறுத்தி, கடைசியில் பாயிலேயே தட்டிக்கொடுத்து. பிடித்து எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டால் தூளியைக் கழற்றிவிடுங்கள், ஸ்பிரிங் தொட்டில் என்றாலும் சரி.

கேள்வி: பகல்ல தூங்க விடாம வெச்சா ராத்திரி நல்லா தூங்கும்னு மாமியார் சொல்றாங்க. வசம்பு உரசி வைக்கவா, சாம்பிராணி போடவான்னும் கேக்கறாங்க.

பதில்: தூங்கவிடாமல் வைத்தால் ராத்திரி இன்னும் மோசமாகும், அளவுக்கு மீறிச் சோர்ந்த குழந்தை அடிக்கடி முழிக்கும். வசம்பு வாய்க்குள் போகவே கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் உரசிக் கொடுக்க வேண்டாம். புகை நுரையீரலுக்கு ஆகாது, சாம்பிராணியும் வேண்டாம். பெரியவர்களின் வழக்கத்தில் குளிப்பாட்டுவதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, பால் கொடுத்துப் படுக்க வைத்தால் அன்றைக்கு நீளமான தூக்கம் அதுவாகத்தான் இருக்கும். முழித்திருக்கும் நேரத்தில் வெளிச்சத்தில் வைத்திருங்கள். பகல் இரவு வித்தியாசம் உடம்புக்குப் பிடிபட 2, 3 மாதமாகும்.

கேள்வி: ஏழு மாசம். சாயங்காலத் தூக்கத்துக்கு மட்டும் போராட்டம்.

பதில்: பகலில் மூன்று தூக்கத்திலிருந்து இரண்டுக்கு மாறும் காலம் இது. காலை 6.30க்கு எழுந்தால் 9 முதல் 10.15, மதியம் 1 முதல் 2.30, பிறகு 4.45க்கு அரை மணி, இரவு 8 என்று வைத்துப் பாருங்கள். மூன்றாவதை மறுக்கிற நாளில் கால் மணிக்கு மேல் மல்லுக்கட்டாமல், இரவுத் தூக்கத்தை 7 மணிக்கு இழுத்துவிடுங்கள். 5.15க்கு மேல் தூங்கவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு உங்களோடு விளையாடும்.

கேள்வி: இன்னும் ரெண்டு வாரத்துல வேலைக்குத் திரும்பணும். மார்புல தூங்கித்தான் பழக்கம். அம்மாதான் பார்த்துக்கப் போறாங்க.

பதில்: இன்றைக்கே தொடங்குங்கள், ஆனால் காலைத் தூக்கம் ஒன்றை மட்டும், ஒரு நாளில் எளிதாக வருவது அதுதான். எழுந்ததும் பால் கொடுத்துவிடுங்கள். தூங்கும் நேரம் வரும்போது நீங்கள் வாசலுக்கோ மாடிக்கோ போய்விடுங்கள். உங்கள் வாசனை பட்டால் பாட்டியிடம் அடங்காது. ஜன்னல் திரையை இழுப்பது, அதே தாலாட்டு, அதே தட்டல் என்று பாட்டி தினமும் ஒரே வரிசையில் செய்யட்டும். முதல் மூன்று நாள் தோளிலேயே தூங்கினாலும் போகட்டும். ஐந்தாறு நாளில் மதியத் தூக்கத்தையும் அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: 20 நாள் குழந்தை பகல் முழுக்கத் தூங்குது. எழுப்பணுமா?

பதில்: பிறந்த எடை திரும்பி வரும்வரை மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள். பாதத்தைத் தடவினால், துணியை மாற்றினால் எழும். எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.