எடை அப்படியே இருக்கிறது, அப்பா இளைத்துவிட்டார்

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்ததும் எடை பார்த்தால் போன வருடம் இருந்த அதே 60 கிலோதான். ஆனால் சட்டை தொளதொள என்றிருக்கிறது, நாற்காலியை விட்டு எழவே சிரமப்படுகிறார். கறி, மீனைக் குறைத்துத்தான் கொடுக்கிறோம். வயசானால் இப்படித்தானா, மிஸ்ஸி?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வயசு மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், தங்கச்சி. பினாங்கில் டயாலிசிஸ் தாதியாக வேலை செய்த காலத்தில், ஒருவர் எழுந்திருக்கும் விதத்தைத்தான் நான் முதலில் கவனிப்பேன். இரண்டு கையையும் ஊன்றி, ஒரு தடவை முன்னால் ஆடி, அப்புறம்தான் எழ முடிகிறது என்றால் தொடையில் பலம் போய்விட்டது என்று அர்த்தம். சதை கரையக் கரைய உடம்பில் நீர் தங்கிவிட்டால் தராசு அதே எடையைத்தான் காட்டும். 'டிரை வெயிட்'டை, அதாவது அதிகப்படி நீர் இல்லாத எடையை, மறுபடி கணிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

தானாக இளைப்பது, சதா அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது: உடல் நலிவுக்கு 2001இல் முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழுவினர் சொன்ன ஐந்து அடையாளங்கள் இவை. மூன்று இருந்தாலே உடல் நலிவு. டயாலிசிஸ் செய்பவர்களிடம் இது மிகவும் சாதாரணம்.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கறி, மீன் விஷயம்தான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அப்போது அது சரி. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கணக்கே வேறு. ஒவ்வொரு தடவையும் புரதத்தின் கூறான அமினோ அமிலமும் சேர்ந்து வெளியேறுகிறது. பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். அசதியில் தே ஓவும் (பால் இல்லாத தேநீர்) பிஸ்கோத்தும் போதும் என்பார், விடாதீர்கள். கெம்போங் மீன், கோழி, முட்டை என்று வேளைக்கு ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும். அளவை டயட்டீஷியன் சொல்வார்.

டாக்டர் சம்மதித்தால், டயாலிசிஸ் இல்லாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யட்டும். முதலில் ஐந்து தடவை போதும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஆனால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முக்கியமாக ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையை. டயாலிசிஸ் முடிந்த கையோடு எழுப்பாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு தடவையாவது விழுந்திருந்தால், அடி படாவிட்டாலும் சென்டரில் சொல்லிவிடுங்கள்.