தேய்ந்த காசுகள்: கேள்விகளும் என் பதில்களும்

தேய்ந்து வழுவழுப்பான காசுகளை மட்டுமே தேடி வாங்கும் என்னைப் பார்த்துச் சிரிக்காத காசு வியாபாரி இதுவரை இல்லை. ‘மொட்டைக் காசு’ என்று அவர்கள் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கும் டப்பாவைத்தான் நான் முதலில் கேட்பேன். பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிரிட்டிஷ் இந்தியக் காசுகளே எனக்குப் பழக்கமான களம் என்பதால், அவற்றைப் பற்றி விரிவாகவும் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்வேன். ஒரு வேண்டுகோள்: இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது கையிலிருக்கும் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

மதுரை வாசகர்: காசுக்கு 1 முதல் 70 வரை தரம் கொடுக்கிறார்களே, அதில் 1 வாங்கிய காசை விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டா?

பதில்: உண்டு. அந்த அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தார். பிறகு அது எல்லாக் காசுகளுக்கும் பரவியது. 70 என்பது குறையே இல்லாத காசு. 1 என்பது இன்ன வகை, இன்ன ஆண்டு என்று சொல்வதற்கு மட்டும் அடையாளம் மிஞ்சியிருக்கும் காசு. அமெரிக்காவில் இந்த 1க்காகவே போட்டி போட்டுச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் காரியம் எளிதன்று. கொஞ்சம் குறைவாகத் தேய்ந்திருந்தால் அது 2 அல்லது 3 ஆகிவிடும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் ஆண்டு அழிந்து வெறும் உலோக வட்டமாகிவிடும். வளைந்த காசும், துளையிட்ட காசும், உரசப்பட்ட காசும் இந்தக் கணக்கில் சேரா. பல கைகள் பட்டுத் தேய்ந்த காசுக்கு மட்டுமே அந்த இடம்.

திருநெல்வேலி வாசகர்: என்னிடம் உள்ள வெள்ளி ரூபாயில் எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு தலையின் நிழல் மட்டும் தெரிகிறது. எந்த அரசர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. எழுத்து போனாலும், முடியும் கன்னமும் வழித்தெடுத்தாற்போல் ஆனாலும், தலையின் வெளிக்கோடு கடைசி வரை நிற்கும். முதலில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். உங்கள் வலப்பக்கம் பார்த்தால் இருவர்தாம்: 1835ஆம் ஆண்டு ரூபாயில் உள்ள நான்காம் வில்லியம், அல்லது 1903 முதல் 1910 வரையிலான ஏழாம் எட்வர்டு. இருவருக்கும் தலையில் கிரீடம் இல்லை. ஆனால் எட்வர்டுக்குத் தாடி உண்டு, வில்லியத்துக்கு இல்லை. தாடை கழுத்தோடு சேரும் இடத்தில் உள்ள வளைவே இதைச் சொல்லிவிடும். இடப்பக்கம் பார்த்தால் மூவர். கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். கிரீடம் இருந்து தாடி இல்லையென்றால் ஆறாம் ஜார்ஜ். பெண் உருவமென்றால் விக்டோரியா. விக்டோரியாவிலும் 1840ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயில் கிரீடம் இல்லாத இளம்பெண்ணின் தலை இருக்கும். 1862 முதல் கிரீடமும் பூவேலை செய்த ஆடையும் சேர்ந்து தோள் வரை விரியும். இனி நிழலைப் பார்த்தே அரசரைச் சொல்லலாம்.

ஆண்டு தெரிந்தாலும் ஓர் எச்சரிக்கை: 1862 என்று பொறித்த ரூபாய்கள் அந்த ஒரே ஆண்டில் அடிக்கப்பட்டவை அல்ல. அதே ஆண்டெண்ணோடு 1874 வரை அச்சடித்தார்கள்.

சேலம் வாசகர்: காலணா ஒன்றில் ஆண்டு மறைந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் தெரியுமா?

பதில்: தெரியாது, இருப்பதும் போய்விடும். அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வந்த எருமை உருவ ஐந்து சென்ட் காசில் ஆண்டு மேடான இடத்தில் அமைந்திருந்ததால் அதுதான் முதலில் தேயும். அமிலம் ஊற்றி அந்த ஆண்டை மீட்பவர்கள் இருக்கிறார்கள். மீட்ட எண் சொறி பிடித்தது போல நிற்கும், அந்தக் காசை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்கமாட்டார். அதைக் கேள்விப்பட்டு இங்கே எலுமிச்சையும் புளியும் எடுக்கிறார்கள்.

காசுக்குத் தீங்கில்லாத வழி வேறு இருக்கிறது. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைக் காசின் விளிம்பு மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுகள் நிழல் விழுந்து எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் இலேசாக உரசினாலும் சில நேரம் எண் கிடைக்கும். பிறகு எடை போடுங்கள். செப்புக் காலணா முழு எடையில் 6.47 கிராம் இருக்கும். 1906இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது அதை 4.86 கிராமாகக் குறைத்தார்கள். எவ்வளவு தேய்ந்தாலும் 5.5 கிராமுக்கு மேல் நின்றால் அது பழைய செப்புக் காசுதான். ஒரு பக்கம் அரசரின் தலைக்குப் பதிலாக இருபுறமும் சிங்கம் தாங்கும் கேடயத்தின் நிழல் இருந்தால் கம்பெனிக் காலத்துக் காசு.

கோவை வாசகர்: வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருக்கிறது. இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: 5 ரூபாய் கிடைக்கும்.

சென்னை வாசகர்: 1808ஆம் ஆண்டு 10 காசு வாங்கினேன். மேலெல்லாம் குழி குழியாக இருக்கிறது. இதுவும் தேய்மானம்தானே?

பதில்: அல்ல. மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்டினர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980களில் அவற்றை மேலே எடுத்தார்கள். உங்களுடையது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். குழிகள் உப்பு நீர் அரித்தவை. கை பட்ட தேய்மானம் மேட்டைத்தான் மழுக்கும். அரிப்பு மேடு, பள்ளம் என்று பார்ப்பதில்லை. நம் ஊர்ச் சந்தையை எட்டிப் பார்க்காத காசு அது.

காரைக்குடி வாசகி: எங்கள் அப்பத்தா கழுத்தில் நாற்பது ஆண்டு கிடந்த காசு மாலையிலிருந்து பிரித்தெடுத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் மொழுக்கென்று தேய்ந்திருக்கிறது. இதற்கு 1 என்ற தரம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். மேலும் மாலையில் கோத்த காசு பெரும்பாலும் உடம்பைத் தொடும் பக்கத்தில் மட்டும் தேயும். அது புழக்கம் அன்று.

அதே வாசகி மீண்டும்: ஆயிரம் கை மாறினால் வரலாறு, ஒரே கழுத்தில் கிடந்தால் குறைபாடு என்பது என்ன நியாயம்? காசை அப்பத்தா உடுத்தினார் என்பதும் ஒரு புழக்கம்தானே?

கும்பகோணத்துப் பொற்கொல்லர் ஒருவர்: ஐயா, குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் தொங்கும் காசு நடக்கும்போது திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் தேய்ந்த மாலைக் காசுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத் தேய்மானத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

பதில்: பொற்கொல்லர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், இறுகக் கோத்த காசுக்குப் பொருந்துவதைப் பொதுவிதியாகச் சொன்னது என் தவறு. ஆனால் வாசகியின் வாதத்துக்கு விடை சொல்ல, சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரூபாயின் முழு எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பழைய எடை அளவான ஒரு தோலாவும் அதே எடைதான். 1906ஆம் ஆண்டு இந்திய நாணயச் சட்டப்படி, நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை குறைந்த ரூபாய் அக்காலத்தில் செல்லுபடியாகாது. அதாவது 11.43 கிராமுக்குக் கீழே போனால் அது செல்லாக்காசு. எடை குறைந்த வெள்ளிக் காசை அதிகாரிகள் வெட்டிவிடவும் சட்டத்தில் இடம் இருந்தது. சிதைக்கப்பட்ட காசும் அக்காலத்தில் செல்லாது. வளையம் பற்றவைத்த நாளிலேயே உங்கள் அப்பத்தாவின் ரூபாய் காசு என்ற தகுதியை இழந்துவிட்டது. எனவே தரம் கிடையாது என்பதில் மாற்றமில்லை.

ஆனால் இதே சட்டம் என் கட்சிக்கு எதிராகவும் பேசுகிறது. செப்புக் காலணா மொட்டையாகும் வரை சந்தையில் ஓடியது. மொட்டையான வெள்ளி ரூபாயோ அரிது. கஜானாவுக்குள் போன தேய்ந்த ரூபாய் திரும்பி வரவில்லை. அங்கே போகாமல் தப்பியவை பெட்டிக்குள்ளோ கழுத்திலோ கிடந்தவைதாம். என் டப்பாவில் உள்ள மிகத் தேய்ந்த ரூபாய் 11.2 கிராம். இதுவரை அதைச் சந்தைத் தேய்மானம் என்றே நினைத்திருந்தேன். இன்று உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தேன். உச்சியில் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. மாலைக் காசுகளுக்குத் தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டேன்.

ஈரோடு வாசகர்: பழைய காசுகளை ரிசர்வ் வங்கியே நல்ல விலைக்கு வாங்குகிறதாமே? கமிஷன் மட்டும் முன்பணமாகக் கேட்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. இதே கேள்வி மேலும் நான்கு ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே பதில்.

இராமநாதபுரம் வாசகர்: அஸ்திவாரம் தோண்டியபோது தேய்ந்த செப்புக்காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் நின்ற உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம். இராஜராஜன் காசுதானே?

பதில்: எழுத்து மிஞ்சியிருந்தால்தான் சொல்ல முடியும். அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருந்தால் சோழர் காசு. அதே அமைப்பைப் பின்பற்றி இலங்கையில் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி போன்ற ஆட்சியாளர்களும் தத்தம் பெயரில் காசு வெளியிட்டார்கள். நின்ற உருவத்துக்கு மறுபுறம் படுத்திருக்கும் காளையும், ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. மண்ணோடு மண்ணாகக் கழுவாமல் வையுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்கு எழுதுவதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

வேலூர் வாசகர்: புளி வேண்டாம் என்கிறீர்கள். பீதாம்பரி பயன்படுத்தலாமா?

பதில்: குத்துவிளக்குக்குப் பயன்படுத்துங்கள்.

திருச்சி வாசகர்: புதிய காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானே தேய்த்து 1க்குக் கொண்டுவரலாமா?

பதில்: தாராளமாக முயலலாம். ஆனால் இன்றைய எஃகுக் காசைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பேரன்தான் முடிவைப் பார்ப்பார். மணலிலோ உப்புத்தாளிலோ உரசினால் கீறல்கள் ஒரே திசையில் ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காரைக்குடி வாசகி, கடைசியாக: உங்கள் சொல்படி எடை போட்டேன். 11.38 கிராம் வருகிறது.

பதில்: 0.28 கிராம் போயிருக்கிறது. பற்றவைத்தபோது ஒட்டிய உலோகமும் இந்த எடையில் சேர்ந்திருக்கும். ஆகவே உண்மையான தேய்மானம் இன்னும் கொஞ்சம் கூடுதல். தழும்பை அராவி எடுத்துவிடாதீர்கள்.