மண்டித் தூசியா, மருந்தா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஈரோட்டில் முப்பது வருடமாக மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று மாதம் முன்பு ரேடியேஷனும் கீமோவும் முடிந்து, இப்போது இம்யூனோதெரபி ஊசி போகிறது. ஒரு வாரமாக வறட்டு இருமல். "மண்டித் தூசிதான் கண்ணு, விடு" என்கிறார். ஆக்ஸிமீட்டரில் 96 இருக்கிறது. அடுத்த ஊசிக்குப் பத்து நாள் இருக்கிறது. அப்போது சொன்னால் போதுமா?
‍– வாசகி, பெருந்துறை

பதில்: போதாது. இன்றைக்கே புற்றுநோய் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

தூசியாகவும் இருக்கலாம்தான். ஆனால் முப்பது வருடமாக வராத இருமல் இந்த வாரம் ஏன் வந்தது?

இம்யூனோதெரபி, உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்குப் போட்ட மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த மாடு சில நேரம் வேலி தாண்டி நல்ல நுரையீரலிலும் மேயும். அந்த அழற்சிக்கு நிமோனைட்டிஸ் என்று பெயர். கிருமியால் வரும் நிமோனியா வேறு. இந்த ஊசி போடும் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு இது வரலாம். நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ரேடியேஷன் மட்டுமே கூட, முடிந்து ஆறு மாதத்துக்குள் இதைக் கிளப்பிவிடும்.

96 என்பது உட்கார்ந்து பார்த்த கணக்கு. நீங்கள் கூடவே இருந்து, வாசலில் சில நிமிடம் நடக்க வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். நடந்ததும் 4 புள்ளி இறங்கினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இறங்காவிட்டாலும் போன் போட வேண்டியதுதான். உட்கார்ந்திருக்கும்போதே 92-க்குக் கீழே போனாலோ, பேசவே மூச்சு முட்டினாலோ நேராக அவசரப் பிரிவு.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று திரும்பி வந்துவிடாதீர்கள். ஆரம்ப அழற்சி அதில் பல நேரம் தெரியாது, சிடி ஸ்கேனில்தான் பிடிபடும். மெடிக்கலில் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் வாங்கிக் கொடுத்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, ஆக்ஸிஜனோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். உறுதியானால் ஊசியைத் தள்ளிவைத்து ஸ்டீராய்டு தருவோம், பல வாரங்களில் மெல்லக் குறைப்போம். அதை வீட்டிலேயே தொடங்கிவிடக் கூடாது. காசநோய், கிருமித்தொற்று இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

'ஊசியை நிறுத்திவிடுவார்களோ' என்று பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள். லேசாக இருக்கும்போதே பிடித்தால், சரியான பின் ஊசியைத் திரும்பத் தொடங்க வாய்ப்புண்டு. அப்பாவிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். மாடிப்படி ஏறும்போது பின்னால் போய்ப் பாருங்கள். போன மாதம் நிற்காத படியில் இப்போது நின்றால், அதையும் போனில் சொல்லுங்கள்.