புரதம் முதல் டிஎன்ஏ வரை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமினோ அமிலச் சங்கிலியான புரதம் தன் வடிவத்துக்கு மடிவதுதான் என் துறை. அந்தப் பக்கம் கேட்டால் நீட்டி முழக்குவேன், மற்றதற்குச் சுருக்கமாகத்தான் வரும். ஒரே ஒரு வேண்டுகோள்: சூடு பட்டால் புரதம் "உடைந்துவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கே: ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டும் குளுக்கோஸ்தானே? ஒன்று செரிக்கிறது, மற்றது ஏன் செரிப்பதில்லை?

ப: கோத்திருக்கும் விதம் வேறு. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா பிணைப்பு, சங்கிலி சுருள் சுருளாக வளையும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு, குளுக்கோஸ் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீளும். அப்படி நீண்டவை பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடும். நம் அமைலேஸ் நொதி ஆல்ஃபாவை மட்டும்தான் வெட்டும். மாட்டுக்கும் சொந்தமாக வெட்டத் தெரியாது, வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் வெட்டிக் கொடுக்கின்றன.

கே: கொழுப்பும் பெருமூலக்கூறா?

ப: பாடப்புத்தகம் அந்த வரிசையில் சேர்க்கும். ஆனால் அது ஒரே மாதிரி அலகுகளைக் கோத்த சங்கிலி இல்லை, சின்ன மூலக்கூறுதான்.

கே: கொதிக்க வைத்தால் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடுமா?

ப: பாருங்கள், ஆரம்பித்துவிட்டது! அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு அவ்வளவு லேசில் அறாது. ஆய்வகத்தில் அதை அறுக்க வேண்டுமென்றால் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரியில், ஏறக்குறைய 24 மணி நேரம் வைக்கிறோம். கொதிக்கும்போது போவது மடிப்பு மட்டும். உள்ளே தண்ணீர் படாமல் ஒளிந்திருந்த பக்கக்கிளைகள் வெளியே வந்து அடுத்த சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும், எல்லாம் கட்டி தட்டிவிடும். இதற்குப் பெயர் இயல்பிழத்தல். சங்கிலி அப்படியே இருக்கிறது.

இருக்கிறது என்பதற்கு உயிர்வேதியியலாளர் ஆன்ஃபின்சனின் சோதனையே சாட்சி. ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி, 124 அமினோ அமிலங்கள், சங்கிலியின் பகுதிகளை இணைக்கும் நான்கு டைசல்ஃபைடு பாலங்கள். மடிப்பைக் கலைக்கும் யூரியாவும் பாலங்களை அறுக்கும் மெர்காப்டோ எத்தனாலும் ஊற்றி முழுக்கப் பிரித்துவிட்டு, இரண்டையும் நீக்கினார். தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்தது. பாலம் போடும் அமினோ அமிலங்களான எட்டு சிஸ்டீன்கள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு, அத்தனையிலும் சரியான ஒன்றையே அது பிடித்தது. 1972ல் நோபல்.

கே: அது சோதனைக்குழாயில். செல்லுக்குள் சாபெரோன் (மடிய உதவும் புரதம்) இல்லாமல் எத்தனையோ புரதங்கள் மடிவதே இல்லையே? வடிவத்துக்கு அமினோ அமில வரிசையே போதும் என்பது பழைய கதை.

ப: நல்ல சண்டை, வாருங்கள். ஆன்ஃபின்சனுக்கே இது தெரியும். குழாயில் மணிக்கணக்கில் ஆவது செல்லில் அப்படி ஆக முடியாதே என்று தேடித்தான், பாலங்களை மாற்றிப்போடும் நொதியை அவர் குழு 1963ல் கண்டுபிடித்தது. ஆனால் அந்த நொதிக்கு எந்தப் பாலம் சரி என்று தெரியாது, மாற்றிப்போட மட்டும்தான் தெரியும். க்ரோஇஎல் சாபெரோனும் அப்படித்தான்: ஏழேழாக இரண்டு வளையம், நடுவே ஒரு அறை, மற்றவற்றோடு ஒட்டாமல் மடிய ஒரு தனியிடம். ஒரே அறைக்குள் வெவ்வேறு புரதங்கள் போய் வெவ்வேறு வடிவத்தில் வருகின்றன என்றால் வடிவத்துக்கான தகவல் எங்கே இருக்கிறது?

கே: கொலாஜன் மாத்திரை சாப்பிடலாமா?

ப: மருத்துவரைக் கேளுங்கள். கொலாஜனைப் பற்றிக் கேட்டால் சொல்வேன்: மூவிழைச் சுருளின் நடுவில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் இடமில்லை, அதனால்தான் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று, பக்கக்கிளை வெறும் ஹைட்ரஜனாக உள்ள கிளைசின்.

கே: ஆர்என்ஏவில் இருக்கும் யுராசில் என்ற எழுத்து டிஎன்ஏவில் ஏன் இல்லை?

ப: டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் தானாகவே அவ்வப்போது யுராசிலாக மாறிவிடும். யுராசிலும் ஒரு முறையான எழுத்தாக இருந்திருந்தால் எது பிழை, எது அசல் என்று பழுதுபார்க்கும் நொதிக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் தைமின் இருப்பதால் யுராசிலைக் கண்டாலே வெட்டி எறியலாம்.

கே: அமிலம் பட்டால் புரதம் உடைந்து...

ப: மேலே.

கே: சாபெரோன் பற்றிக் கேட்டவன்தான். அப்படியானால் பிரியான் (நோய் பரப்பும் புரதம்)? ஒரே வரிசை, இரண்டு வடிவம்.

ப: இது வலிக்கிற இடம், ஒப்புக்கொள்கிறேன். இயல்பான வடிவத்தில் ஆல்ஃபா சுருள் அதிகம், நோய் வடிவத்தில் பீட்டா தகடு எனப்படும் தட்டையான மடிப்பு. ஆன்ஃபின்சன் சொன்னது ஆற்றல் மிகக் குறைந்த நிலைக்குப் போகும் என்று. ஆனால் சங்கிலிகள் அடுக்கடுக்காகச் சேரும்போது அதைவிடத் தாழ்ந்த பள்ளம் ஒன்று இருக்கலாம், நடுவில் உயரமான மேடு இருப்பதால் சாதாரணமாக அங்கே போவதில்லை. ஏற்கெனவே விழுந்த ஒன்று அடுத்ததை இழுத்துவிடுகிறது. ஆகவே தனிச் சங்கிலிக்கு அவர் சரி, கூட்டத்துக்கு நீங்கள் சரி.

கே: காய்ச்சல் வந்தால் உடம்பில் உள்ள புரதம் உடையுமா?

ப: உடையாது ஐயா, உடையாது.