பூட்டிய வீட்டில் தண்ணீர்: வேலூர் பிளம்பிங் ஒப்பந்ததாரரின் கேள்வி பதில்

காட்பாடி வாசகி: ஐயா, சிகாகோவில் இருக்கும் என் மகள் டிசம்பரில் மூன்று வாரம் இங்கே வருகிறாள். வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டு வரலாமா?

கூடவே கூடாது அம்மா. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பனிக்கட்டி குழாயை அடைத்துக்கொள்ள, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. உறையாத இடத்தில்கூடக் குழாய் பிளப்பது இதனால்தான். உறைந்திருக்கும் வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இளகியதும் கொட்டத் தொடங்கும். அங்கே தெருக்குழாயில் அழுத்தம் ஓய்வதில்லை. ஆளில்லாத வீட்டில் நாள்கணக்கில் ஓடும்.

ஹீட்டர் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டாம். கிளம்பும் நாளில் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, கழிவறைத் தொட்டியையும் வடித்துவிடச் சொல்லுங்கள். வெந்நீர்க் குழாய்களால் சூடேறும் வீடு, தீயணைப்புத் தெளிப்பான் உள்ள வீடு என்றால் அங்குள்ள பிளம்பரைக் கேட்காமல் மூட வேண்டாம். சூடும் வைக்காமல், தண்ணீரையும் வடிக்காமல் பூட்டிய வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால், அங்கே பல காப்பீடுகள் பணம் தருவதில்லை.

அதே வாசகி: ஒரு குழாயைச் சொட்டவிட்டால் போதும் என்கிறார்களே?

வீட்டில் ஆள் இருக்கும் குளிர் இரவுக்கு அது சரி. பூட்டிய வீட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

ஏலகிரி வாசகர்: எங்கள் மலைவீட்டில் குழாய் உறையுமா?

உறையாது. உங்களுக்குப் பகை வெயில்தான். மொட்டைமாடியில் வெறுமனே கிடக்கும் பிவிசி குழாய் சில ஆண்டுகளில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வண்ணம் பூசுங்கள் அல்லது மூடி வையுங்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: அண்ணா, ஆறு மாதம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தோம். கை கழுவும் தொட்டியின் கனெக்‌ஷன் பைப் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். மேல்தொட்டி 1,000 லிட்டர்தானே, இவ்வளவு எப்படி?

தானியங்கி மோட்டார் வைத்திருப்பீர்கள் தம்பி. மேல்தொட்டி காலியாகக் காலியாக அது நிரப்புகிறது. சம்ப்பை மாநகராட்சிக் குழாய் நிரப்புகிறது. யாரும் நிறுத்தாதவரை இது ஓயாது. நம் ஊர் வீடுகளில் நான் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பும் சேதம் இதுதான், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் தடுத்திருக்கலாம். மோட்டார் சுவிட்சை அணையுங்கள், மேல்தொட்டியின் வெளிவழி வால்வை மூடுங்கள், சம்ப்புக்கு வரும் வழியையும் மூடுங்கள், பிறகு குழாய்களைத் திறந்து வடியுங்கள். உப்புத் தண்ணீரில் பழைய கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். புறப்படும் அன்று திருகிப் பார்த்தால் கைப்பிடி கையோடு வரும். ஒரு வாரம் முன்னதாகவே பார்த்து, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிக்கொள்ளும் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மெயின் மின்சாரத்தை அணைக்காமல் ஈரத்தில் கால் வைக்காதீர்கள், சுவிட்சு பெட்டிகளை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மின்சாரம் தாருங்கள். சன்னல்களைத் திறந்து சுவர்களை நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும்.

விரிஞ்சிபுரம் வாசகர்: 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வந்ததிலிருந்து பயம். மழைக்காலத்தில் பூட்டிப் போகும்போது சம்ப்பைக் காலி செய்யலாமா?

வேண்டாம். நிலத்தடி நீர் ஏறினால் காலியான தொட்டியை அது மேலே தூக்கும், சுவரை விரிசல் விடவைக்கும். நிரப்பியே வையுங்கள். கழிவுநீர்க் குழாயில் திரும்பு தடை வால்வு போடுங்கள். வெள்ளம் கழிவறை வழியாகவும் ஏறும். வெள்ளம் புகுந்த சம்ப்பை, நிலத்தில் நீர் இறங்கிய பிறகு இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

ராணிப்பேட்டை வாசகி: இங்கே காப்பீடு உண்டா?

உண்டு. 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசி வெள்ளத்தையும், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. நாள்பட்ட கசிவுக்குக் கிடைக்கும் என எண்ணாதீர்கள். 30 நாளுக்கு மேல் பூட்டினால் நிறுவனத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். துடைக்கும் முன் படம் எடுங்கள்.

குடியாத்தம் வாசகர்: சாவியை யாரிடம் கொடுப்பது?

வால்வு எங்கே என்று தெரிந்தவரிடம். அவரையே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வாரம் ஒருமுறை கழிவறையிலும் தரை வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றட்டும். இல்லாவிட்டால் வாடையைத் தடுத்து உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறும்.